நெய்வேலியும் முனைவர் பட்டமும்: இயற்கைவளக் கல்வியின் பழைய கதை

இயற்கைவளப் பாதுகாப்பில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும், எங்கே சேரலாம் என்று கேட்கும் மாணவர்களை நெய்வேலி வட்டாரத்தில் அடிக்கடி சந்திக்கிறோம். நிலவியல், தாவரவியல், வேளாண்மை, சுற்றுச்சூழல் அறிவியல் என்று ஏதேனும் ஒன்றில் முதுகலை முடித்தவர்கள். தமிழ் படித்த நம்மிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்று வாசகர் வியக்கலாம். சுற்றுச்சூழல் கல்வியை எல்லா நிலையிலும் கட்டாயமாக்க வேண்டுமென்று 1991இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் தொடர்ச்சியாக 2000களில் இளங்கலை மாணவர் அனைவருக்கும் அது பொதுப்பாடம் ஆயிற்று. பாடம் வந்த வேகத்தில் ஆசிரியர் வரவில்லை. எனவே வேலைப்பளு குறைந்த துறையினரிடம் அதை ஒப்படைத்தார்கள். தமிழ்த்துறைக்கு எப்போதும் நேரம் இருக்கும் என்பது கல்லூரி நிர்வாகங்களின் அசைக்கமுடியாத நம்பிக்கை அல்லவா! அப்படி ஒட்டிக்கொண்ட உறவு இது.

கேட்பவர்கள் பெரும்பாலும் தரவரிசையையும் உதவித்தொகையையும் பற்றியே கேட்கிறார்கள். அவை தேவைதான், பின்னர் வருவோம். ஆனால் அவற்றுக்கு முன்பாகப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு என்பது நம் எண்ணம். ஒரு கல்வி நிறுவனம் எந்தக் கேள்விக்கு விடைகாணத் தோன்றியதோ அந்தக் கேள்வி அதன் உடம்பில் ஊறிக் கிடக்கிறது. பெயர்ப்பலகை மாறினாலும் அது எளிதில் போவதில்லை. ஆய்வாளர் தாம் சேரும் இடத்தைத் தேர்கிறபோது அந்தக் கேள்வியையும் சேர்த்தே தேர்கிறார். இதற்கு நெய்வேலியைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது.

வேலி என்பது நிலத்தின் அளவு. தஞ்சைப் பக்கம் இன்றும் முதியவர்கள் வேலிக் கணக்கில்தான் நிலத்தைச் சொல்வார்கள். ஊர்ப்பெயரிலேயே நிலத்தைத் தாங்கிய இவ்விடத்தில், 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது நீரோடு கரிய துகள்களும் வெளிவந்தன. அவர் அதைத் தூக்கி எறியாமல் அரசின் பார்வைக்குக் கொண்டுசென்றதும், பின்னர் தம் நிலத்தில் 600 ஏக்கருக்கு மேல் கொடுத்ததும் இப்பகுதியில் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி. 1940களில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை துளையிட்டுப் பார்த்தது. 1950களின் தொடக்கத்தில் எச்.கே. கோஷ் என்னும் சுரங்கப் பொறியாளர் படிவின் பரப்பைக் கணக்கிடும் பணியில் ஈடுபட்டார். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டது. மறு ஆண்டே சோவியத் உதவியோடு எழுந்த நிலையத்தில் மின்சாரம் பிறந்தது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது தண்ணீரை. முதலியார் தேடியது தண்ணீர், கிடைத்தது நிலக்கரி. பிறகு வந்தவர்கள் தேடியது நிலக்கரி. அவர்களுக்கு இடையூறாக நின்றது தண்ணீர். நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே மணற்பாறைகளில் பேரழுத்தத்தோடு அடைபட்ட நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறது. இரவும் பகலும் இறைத்து அந்த அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு நீர் மேலே வந்துவிடும். ஆகவே நெய்வேலியில் நிலத்தடி நீரைப் பற்றி மிக ஆழமான ஆய்வுகள் நடந்தன. எத்தனை குழாய்கள், எவ்வளவு ஆழம், எத்தனை லிட்டர் இறைத்தால் குழி பாதுகாப்பாக இருக்கும் என்பவை அவ்வாய்வுகளின் கேள்விகள். திறமான பொறியியல், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே நீரைத் தானாகப் பொங்கி வழியும் குழாய்களில் கண்டு பயிர்செய்த சுற்றுவட்டார ஊர்களின் கிணறு என்னவாகும் என்ற கேள்வி வேறு வகையைச் சேர்ந்தது. அது பல்கலைக்கழகங்களின் வாசலுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

இது நெய்வேலிக்கு மட்டும் உரிய வினோதமன்று. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையே 1851இல் நிலக்கரியைத் தேடித் தோன்றியதுதான். வனவியலின் கதையும் அதுவே. ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ் 1856இல் பர்மாவின் தேக்குக் காடுகளைக் காக்க வந்து, 1864இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளர் ஆனார். காட்டை வெட்டும் வேகம் அது வளரும் வேகத்தை மிஞ்சக்கூடாது என்பது அவர் கொண்டுவந்த கணக்கு. 1878இல் டேராடூனில் வனப்பள்ளி. 1906இல் வன ஆராய்ச்சி நிறுவனம். ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிராண்டிஸிடம் அறிவுரை பெற்ற அமெரிக்கர் கிஃபோர்ட் பின்ஷோவின் குடும்பக் கொடையால்தான் 1900இல் யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பள்ளி எழுந்தது. இன்று அமெரிக்காவுக்கு இயற்கைவளப் படிப்புக்குச் செல்லும் மாணவர் ஒருவகையில் பர்மாவின் தேக்குக் கணக்கையே படிக்கச் செல்கிறார் என்று நாம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பாதுகாப்பு என்ற சொல் அங்கே முதலில் குறித்தது, தொடர்ந்து வெட்டுவதற்காக விட்டுவைப்பதை. ரயில் பாதைக் கட்டைகளுக்கும் கப்பலுக்கும் மரம் வேண்டியிருந்த காலம் அது. காட்டில் வாழ்ந்த மனிதரும் விலங்கும் அந்தக் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை. அழிந்துவரும் உயிர்களை மையமாக வைத்த பாதுகாப்பு உயிரியல் ஒரு தனித்துறையாக அமெரிக்காவில் சங்கம் கண்டது 1985இல்தான்.

இனி உள்ளூருக்கு வருவோம். நெய்வேலியிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியே பேருந்து ஏறினால் சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தோன்றியது. 1940களில், நெய்வேலி மண்ணில் துளைக்கருவிகள் இறங்கிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், அங்கே தமிழ் பயின்ற தனிநாயகம் அடிகள் சங்கப் பாடல்களில் இயற்கையைப் பற்றி ஆய்வேடு எழுதினார். பின்னர் அது ஆங்கிலத்தில் நூலாகி உலகெங்கும் சென்றது. நிலத்தை முதற்பொருளாகவும் அதில் வாழும் மரமும் விலங்கும் தொழிலும் கருப்பொருளாகவும் கொண்ட மரபைப் பற்றிய ஆய்வு ஒருபுறம். அதே மாவட்டத்தில் நிலத்தை வெறும் மேல்மண் சுமையாகக் கொண்ட அளவீடு மறுபுறம். இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளவில்லை. அறிந்திருந்தால் ஏதேனும் மாறியிருக்குமா என்று கேட்டால், மாறியிராது. எனினும் நம் துறைகள் எவ்வளவு உயரமான மதில்களுக்குள் இருந்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அதே பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் நிலையம் 1960களில் பல்கலைக்கழக மானியக்குழுவின் உயராய்வு மையமாக உயர்ந்தது. பக்கத்திலேயே பிச்சாவரத்து அலையாத்திக் காடு. 2004 சுனாமிக்குப் பின் கதிரேசனும் ராஜேந்திரனும் இக்கடற்கரையின் 18 குடியிருப்புகளில் ஏற்பட்ட இழப்பைக் கணக்கிட்டு, காடு உயிர்களைக் காத்தது என்று 2005இல் எழுதினார்கள். உலகமெங்கும் அது மேற்கோள் காட்டப்பட்டது. மறு ஆண்டே வெளிநாட்டு ஆய்வாளர்கள் மூவர், அதே எண்களை எடுத்து, கடலிலிருந்து ஊரின் தொலைவையும் தரையின் உயரத்தையும் கழித்துப் பார்த்தால் காட்டின் பங்கென்று மிஞ்சுவது மிகச் சிறிது என்று மறுத்தார்கள். சிதம்பரத்தார் அதற்கும் விடை எழுதினர். இதில் யார் பக்கம் என்பது நமக்கு முக்கியமன்று. ஆய்வு செய்யப் புகும் மாணவர் இந்த மூன்று கட்டுரைகளையும் ஒருங்கே படித்துவிட்டாரென்றால், எந்தக் கடிதத்தாளிலும் இல்லாத பயிற்சி அவருக்குக் கிடைத்துவிடும். நமக்குப் பிடித்த முடிவு ஒன்று, அதை எண்கள் தாங்குமா என்பது வேறொன்று. மதிப்புக்குரிய முடிவையும் இப்படிப் பகிரங்கமாக உலுக்கிப் பார்க்கும் மனம் ஒரு துறையில் இருக்கிறதா என்பதே சேருமுன் விசாரிக்கத் தக்கது.

நிறுவனங்களைவிட மனிதர்களின் வரலாறு இன்னும் தெளிவாகப் பேசும். தலச்சேரியில் பிறந்து சென்னையில் படித்துப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்த ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில் மிச்சிகன் சென்று 1931இல் அறிவியல் அறிஞர் பட்டம் பெற்றார். அவர் படித்தது தாவர உயிரணுவியல்; கரும்பும் கத்தரியும் அவருடைய களம். பாதுகாப்பு என்ற பெயரில் பட்டம் ஏதும் அவர் பெறவில்லை. ஆயினும் 1955இல் பூமியின் முகத்தை மனிதன் மாற்றிய விதம் குறித்துப் பிரின்ஸ்டனில் நடந்த புகழ்பெற்ற கருத்தரங்கில் இந்தியாவின் பிழைப்பு வேளாண்மையைப் பற்றிப் பேசியவர் அவர்தான். முதுமையில் அமைதிப் பள்ளத்தாக்குக்காகக் குரல்கொடுத்தவரும் அவரே. பட்டத்தின் பெயர் ஆய்வாளரைக் கட்டிப்போடுவதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. (நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் தாவரவியலும் சட்டமும் படித்தவர், முனைவர் பட்டம் இல்லாதவர். 1950 முதல் 1996இல் மறையும்வரை இயற்கையைப் பற்றி ஒரே பத்திரிகையில் தொடர் எழுதினார். ஆய்வு செய்யாமலும் இருக்கலாம் என்பதையும் மாணவரிடம் சொல்லிவைக்க வேண்டும் அல்லவா?)

நாம் அடிக்கடி எடுத்துச் சொல்லும் பெயர் ஜான்சிங். நாங்குநேரிக்காரர். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். பட்டாசும் அச்சகமும் தவிர வேறெதற்கும் பெயர்பெறாத வெயில் ஊரிலிருந்து அவர் பந்திப்பூர்க் காட்டுக்குச் சென்று 1976 முதல் 1978 வரை செந்நாய்களைப் பின்தொடர்ந்தார். கட்டற்றுத் திரியும் பாலூட்டி ஒன்றை இந்திய அறிவியலாளர் ஒருவர் களத்தில் வைத்து ஆராய்ந்த முதல் முயற்சி அது என்பர். பட்டம் அளித்தது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அப்போது அங்கே வனவிலங்குத் துறை என்று ஒன்று புகழோடு இருந்ததாலா அவர் பதிவுசெய்தார்? இல்லை. கேள்வி அவருடையது, களம் அவர் தேடிக்கொண்டது, பல்கலைக்கழகம் அதற்கு இடம் கொடுத்தது. டேராடூனில் இந்தியக் காட்டுயிர் நிறுவனம் 1982இல் தொடங்கப்பெற்று, 1985இல் அவர் அங்கே சேர்ந்து தலைமுறை தலைமுறையாக மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துச் சென்றார். 2024இல் மறைந்தார்.

ரா. சுகுமாரின் தேர்வு வேறு மாதிரி. மாதவ் காட்கில் 1983இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் உருவாக்கிய சூழலியல் மையத்தின் தொடக்ககால ஆய்வாளர்களுள் அவர் ஒருவர். சத்தியமங்கலம் பக்கத்து யானைகளை ஆராய்ந்தபோது யானை தின்ற கேழ்வரகையும் அதைப் பயிரிட்டவரின் இழப்பையும் சேர்த்தே கணக்கெடுத்தார். மனிதருக்கும் யானைக்கும் இடையிலான உறவு அவருடைய ஆய்வேட்டின் தலைப்பிலேயே இருந்தது. விலங்கியல் துறை ஒன்றில் பதிவு செய்திருந்தால் கேழ்வரகுக்கு அந்த இடம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

இப்போது நெய்வேலி மாணவருக்கு எட்டும் தொலைவில் உள்ளவை எவை? நிலவியல், வேளாண்மை, கடலியல் வேண்டுவோர்க்குச் சிதம்பரமும் பரங்கிப்பேட்டையும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் துறை. அவ்வூரிலேயே 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனம் தென்னிந்தியத் தாவர வரைபடங்களின் கருவூலம். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் காட்டுயிர் உயிரியல் படிப்பு, அளவில் சிறிதெனினும் கோடியக்கரையை அறிந்த பலரை உருவாக்கியது. கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் வேளாண் பல்கலைக்கழகத்தின் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, வன மரபியல் நிறுவனம், சாலிம் அலி மையம் (இது இப்போது டேராடூன் காட்டுயிர் நிறுவனத்தின் அங்கம்). பெங்களூரில் 1996இல் தொடங்கிய ஏட்ரீ நிறுவனம், உயிரியலாரையும் சமூகவியலாரையும் ஒரே முனைவர் பட்டத் திட்டத்தில் உட்கார வைக்கிறது. வெளிநாடு செல்ல வாய்ப்புள்ளவர் செல்லலாம்; ஆனால் அங்கே இருந்துகொண்டு பரவனாற்றை ஆராய்வதற்கு, திரும்பிவரக் களச்செலவு கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

விதிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். மானியக்குழுவின் 2022 ஒழுங்குமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு, மிகுந்தது ஆறாண்டு. மறுபதிவின் பேரில் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டாண்டுத் தளர்வு உண்டு. பேராசிரியர் ஒருவர் எட்டுப் பேரையும், இணைப்பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப்பேராசிரியர் நான்கு பேரையும் ஏற்கலாம். பணி ஓய்வுக்கு மூன்றாண்டுக்குள் இருப்பவர் புதியவரை ஏற்கலாகாது. புகழ்பெற்ற நெறியாளரைத் தேடிச் செல்பவர் முதலில் அவருடைய பிறந்த ஆண்டைத் தெரிந்துகொள்வது நலம். எம்.பில். இல்லாமற் போயிற்று. தகுதித் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் மானியக்குழுவின் பட்டியலிலும், உயிர் அறிவியலும் புவி அறிவியலும் சி.எஸ்.ஐ.ஆர். பட்டியலிலும் வருகின்றன. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 தொடக்கத்திலிருந்து மாதம் 37,000 ரூபாய். இந்தத் தொகை கையில் இருக்கும் மாணவர் நெறியாளரின் திட்ட நிதியை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஆகவே தம் கேள்வியைத் தாமே கேட்க முடியும். அந்தத் தேர்வுக்காக ஓராண்டு காத்திருப்பதை வீணென்று நாம் கருதுவதில்லை.

சேருமுன் செய்யவேண்டிய இன்னொரு வேலை, ஷோத்கங்கா தளத்தில் அந்தத் துறையின் பழைய ஆய்வேடுகளைத் திறந்து பார்ப்பது. முடிவுரையைப் படிக்க வேண்டாம், நன்றியுரையைப் படிக்கவேண்டும். இது தமிழாசிரியரின் கெட்ட பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டத் தரவைத் தந்தது யார், வண்டி தந்தது யார், ஆய்வுக்கூடச் செலவை ஏற்றது யார், எந்த ஊரார் கிணற்றைத் திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். சுரங்க நிறுவனத்தின் நிதியில் ஆய்வு செய்வது குற்றமன்று. மண்மேடுகளில் மரம் வளர்ப்பதையும் பயிர்செய்வதையும் பற்றிய பயனுள்ள பல ஆய்வுகள் அவ்வாறுதான் நடந்தன. குழியின் உள்ளே நுழைய வேறு வழியும் இல்லை. ஆனால் கிடைத்த முடிவை வெளியிடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை ஒப்பந்தத்தில் வாசித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். எதிரணியில் நிற்கும் இயக்கம் ஒன்றின் துணையோடு ஆராய்வோர்க்கும் இதே அறிவுரைதான்.

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், இரண்டாம் சுரங்கத்தின் விரிவாக்கத்தை ஒட்டிப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின்மீது மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். இழப்பீடு போதாது, அறுவடைவரை பொறுத்திருக்கலாகாதா என்றனர் உழவர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்று, பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க ஆணையாயிற்று. பயிரின் துயரைத் தம் துயராக எண்ணிய வள்ளலாரின் வடலூர் அங்கிருந்து தொலைவில்லை. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகுதான் ஆய்வு செய்ய முடிவெடுத்தோம் என்று சொன்ன மாணவர்கள் உண்டு. அவர்களுள் நகரியக் குடியிருப்பில் வளர்ந்தவரும் இருக்கிறார், நிலம் கொடுத்த குடும்பத்தவரும் இருக்கிறார். இருவருக்கும் ஒரே தலைப்பு பொருந்தாது. பொருந்த வேண்டியதும் இல்லை.

அவர்களிடம் நாம் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வதுண்டு. சுரங்கத்தில் இறைக்கும் நீர் பரவனாற்றில் கலந்து வாலாஜா ஏரியையும் பெருமாள் ஏரியையும் அடைகிறது. அதைக்கொண்டு பல ஊர்கள் பயிர் செய்கின்றன. 2017 வறட்சியில் அதே சுரங்க நீர் சென்னையின் தாகத்துக்கும் சென்றது. மேட்டிலுள்ள ஊர்களிலோ கிணறுகள் ஆழ்குழாய்களாகி, குழாய்களும் ஆண்டுதோறும் கீழே போகின்றன. சுரங்கம் ஒருநாள் மூடப்படும். பழைய முதல் அனல்மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டுவிட்டது. சுரங்கங்களுக்கு மூடுதிட்டம் வேண்டுமென்று நிலக்கரி அமைச்சகம் 2009இலேயே நெறிமுறை வகுத்துவிட்டது. இறைப்பு நின்றால் நீரழுத்தம் மேலெழும், குழி ஏரியாகும், ஆற்றுக்கு வந்துகொண்டிருந்த நீர் நின்றுபோகும். அப்போது வாலாஜா ஏரியின் பாசனம் என்னவாகும்?

இந்தக் கேள்வியோடு நிலவியல் துறைக்குச் சென்றால், நீர்மட்டம் எத்தனை ஆண்டில் எவ்வளவு உயரும் என்று கணிக்கும் மாதிரி ஒன்று ஆய்வேடாகும். வேளாண்மைத் துறையில் அது மண்ணின் உப்புத்தன்மையும் நெல் விளைச்சலும் பற்றியதாக ஆகும். சூழலியல் துறையில் ஏரிக்கு வரும் பறவைகளும் மீன்களும் நுழைந்துகொள்ளும். பொருளியலிலோ சமூகவியலிலோ பதிவு செய்தால் மடைமுறையும் குத்தகையும் சங்கத்துக் கணக்கேடுகளும் முதலில் வரும். மாணவர் எந்த வாசலில் நுழைய விரும்புகிறார் என்று கேட்டுவிட்டு, இரண்டு மூன்று நெறியாளர்களின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுக்கிறோம். சேர்வதற்கு முன் ஒரு கோடைக்காலத்தில் அந்த ஏரிக்கரையில் பதினைந்து நாள் இருந்து மடை திறப்பவர்களிடம் பேசிவிட்டு வரச் சொல்கிறோம். சிலர் போகிறார்கள்.